உப்பு மண் தீவனம்: உமரி முதல் அருகு வரை, ஆடு மாட்டுக்கு உண்மையில் எவ்வளவு சத்து என்று கணக்குப் போடும் முறை

வேதாரண்யம் பக்கமோ ராமநாதபுரம் கடலோரமோ, நெல் எடுக்காத உப்பு நிலத்தில் ஆடு வளர்க்கலாம் என்று இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். ஆய்வகத் தாளில் உமரிக்கு, அதாவது உப்பு நிலத்தில் தானாக வளரும் அந்தச் சதைப்பற்றான செடிக்கு, கச்சாப் புரதம் 12 சதவீதம் என்று போட்டிருக்கும். வைக்கோலில் 3, 4 சதவீதம்தானே, இது மூன்று மடங்கு ஆயிற்றே என்று வைக்கோலை நிறுத்திவிட்டு மந்தையை உமரிக்குள் ஓட்டிவிடுவார்கள். கொஞ்ச நாளில் கழிச்சல், தண்ணீர்த் தொட்டியை விட்டு நகராத ஆடுகள், எடை குறைவு. அப்புறம் "உமரி ஆகாது" என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

தாளில் இருந்த எண் பொய்யில்லை. ஆனால் அந்தச் செடியின் உலர் பொருளில் (தண்ணீர் போக மிஞ்சுவதில்) மூன்றில் ஒரு பங்கு எரித்தால் மிஞ்சும் சாம்பல், அதாவது பெரும்பாலும் வெறும் உப்பு என்பது அதே தாளில் இரண்டு வரி தள்ளி இருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை. உப்பை முதலில் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் சத்து என்று கணக்கில் எடுக்க வேண்டும். குடிநீரில் உள்ள உப்பையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள், ஏனென்றால் முதல் படியில் கிடைக்கும் எண் இல்லாமல் ஆறாவது படியைப் போட முடியாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை: தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டர், 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, ஒரு எவர்சில்வர் கிண்ணம், மாதிரி போட காகித உறைகள், ஒரு நோட்டு. கூடவே உப்பு இல்லாத உலர் தீவனம், அதாவது வைக்கோலோ சோளத்தட்டையோ கடலைக்கொடியோ, சில வாரங்களுக்குக் கையிருப்பு. இந்தக் கடைசிப் பொருள் இல்லையென்றால் இப்போதைக்குத் தொடங்க வேண்டாம்.

1. முதலில் தண்ணீர்

எல்லோரும் செடியில் தொடங்குவார்கள், நான் தண்ணீரில் தொடங்கச் சொல்வேன். உப்புச் செடி தின்னும் ஆட்டுக்கு அந்த உப்பைச் சிறுநீரில் வெளியே தள்ள ஒரே வழி நிறையத் தண்ணீர் குடிப்பதுதான். வழக்கத்தை விட இரண்டு மடங்கு, சில நேரம் அதற்கும் மேலே குடிக்கும். அந்தத் தண்ணீரே உப்பாக இருந்தால் செடியைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பாருங்கள். 1,000 பிபிஎம் என்றால் லிட்டருக்கு 1 கிராம் உப்பு. 3,000 பிபிஎம் வரை சாதாரணத் தீவனம் தின்னும் கால்நடைக்குப் பிரச்சினை இல்லை. 5,000 வரை முதலில் கொஞ்சம் கழிச்சல் வந்து பழகிவிடும். 5,000 முதல் 7,000 வரை சினை மாட்டுக்கும் கறவைக்கும் கூடாது. 10,000 தாண்டினால் எதற்கும் ஆகாது. இந்த வரம்புகள் உப்பில்லாத தீவனத்துக்கானவை. மேய்ச்சலிலும் உப்பு இருந்தால், என்னைக் கேட்டால், 3,000-ஐத் தாண்டிய தண்ணீரை நம்பி இறங்கவே கூடாது.

இங்கே எல்லோரும் செய்கிற தவறு, மழை முடிந்த ஜனவரியில் ஊருணித் தண்ணீரைச் சோதித்துவிட்டு "நல்ல தண்ணீர்" என்று எழுதி வைப்பது. அதே குளம் மே மாதம் வற்றிச் சுண்டும்போது எண் பல மடங்கு ஏறியிருக்கும். கடலோரப் போர்த் தண்ணீரும் கோடையில் உவர்ப்பேறும். கோடையில் அளந்த எண்தான் உங்கள் எண்.

2. நிலத்தில் இருப்பதை மூன்றாகப் பிரியுங்கள்

செடியின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. உப்பை அது என்ன செய்கிறது என்று தெரிந்தால் போதும், சத்துக் கணக்கு பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகிறது.

முதல் கூட்டம், உப்பை உள்ளே சேர்த்து வைப்பவை. உமரி, தரையோடு படரும் சதைப்பற்றான கொடிகள், அட்ரிப்ளெக்ஸ் எனப்படும் உப்புப்புதர் எல்லாம் இதில் வரும். இலையை நசுக்கினால் சாறு வரும், நாக்கில் வைத்தால் கரிக்கும். உலர் பொருளில் சாம்பல் 20 முதல் 40 சதவீதம் வரை போகும்.

இரண்டாவது, உப்பைப் பெரும்பாலும் வேரிலேயே தடுப்பவை அல்லது இலை வழியாக வெளியே தள்ளுபவை. அருகு, எருமைப்புல், ரோட்ஸ் புல், களர் நிலத்துக்கென்றே பேர் போன கர்னால் புல் ஆகியவை இந்த வகை. அருகு, மண்ணின் உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 7 டெசிசீமன்ஸ் அளவைத் தொடும் வரை விளைச்சல் பெரிதாகக் குறையாமல் தாங்கும், தீவன மக்காச்சோளமோ 2-ஐ எட்டும் முன்பே தளர்ந்துவிடும். இந்தப் புற்களில் புரதம் 6 முதல் 12 சதவீதம்தான், எண்ணைப் பார்த்தால் உமரியிடம் தோற்றதுபோல இருக்கும். ஆனால் சாம்பல் பெரும்பாலும் 10 சதவீதத்தை ஒட்டியே நிற்பதால் மிச்சம் எல்லாம் சாப்பாடு. வயிற்றை நிரப்ப வேண்டியது இந்தக் கூட்டம்தான்.

மூன்றாவது, மரங்கள். அகத்தியும் சித்தகத்தியும் மிதமான உப்பையே தாங்கும், கடும் உவரில் வராது, வரப்பு மேட்டில் வைத்தால் வரும். சீமைக்கருவேல் எங்கேயும் இருக்கிறது, அதன் இலையை ஆடு சீந்தாது, காயில்தான் விஷயம். காயில் 12 சதவீதம் அளவுக்குப் புரதமும் நிறையச் சர்க்கரையும் உண்டு. அந்தச் சர்க்கரை பின்னால் தேவைப்படும், நினைவில் வையுங்கள். காயை அரைத்துத்தான் கொடுக்க வேண்டும், முழுதாகக் கொடுத்தால் விதை அப்படியே சாணத்தில் வந்து நிலம் முழுக்க முளைக்கும். தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதைத் தொடர்ந்து கொடுத்தால் அசை போடுவதே கெட்டுப்போகும்.

கண்டல் இலையை ஆடு ஆசையாகத் தின்னும் என்பது உண்மைதான். ஆனால் பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற அலையாத்திக் காடுகள் வனத்துறையின் பாதுகாப்பில் உள்ளவை, அதைத் தீவனக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

3. மாதிரி எடுக்கும் முறை

ஆடு தின்பதை மட்டும் எடுங்கள். உமரியைத் தண்டோடு வேரோடு பிடுங்கி அனுப்பினால் வருவது விறகின் கணக்கு. ஆட்டின் பின்னாலேயே கொஞ்ச நேரம் நடந்து, அது எந்த நுனியைக் கடிக்கிறதோ அதே போல் கையால் கிள்ளி, பத்துப் பதினைந்து இடங்களில் சேர்த்துக் கலக்குங்கள். மேட்டில் இருக்கும் செடிக்கும் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் இருக்கும் செடிக்கும் உப்பு ரொம்பவே மாறும்.

பிறகு பச்சையாக எடை போட்டு எழுதுங்கள். இலையில் ஒட்டிய மண் போக ஒரே ஒரு முக்கு முக்கி எடுத்தால் போதும், ஊற வைத்தால் உப்பும் கரைந்து போய்ப் பொய்யான நல்ல எண் கிடைக்கும். வெயிலில் காய வைத்து, அடுத்தடுத்த இரண்டு நாள் எடை மாறாமல் வந்தால் காய்ந்தது என்று அர்த்தம். உமரி 1 கிலோ எடுத்தால் பெரும்பாலும் 150 கிராம்தான் மிஞ்சும்.

காய வைத்தால் உப்புப் போய்விடும் என்று நம்புகிறவர்கள் நிறைய பேர். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே இருக்கும், கைப்பிடிக்குக் கைப்பிடி பார்த்தால் கூடத்தான் செய்யும்.

4. சாம்பலை வீட்டிலேயே பாருங்கள்

காய்ந்த தூள் 100 கிராமை எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டு, வெளியில் விறகடுப்பில், கறுப்பு போய்ச் சாம்பல் நிறம் வரும் வரை எரியுங்கள். ஆறியதும் எடை போடுங்கள். 33 கிராம் மிஞ்சினால் சாம்பல் 33 சதவீதம். ஆய்வகத்தில் 550 டிகிரி உலையில் செய்வார்கள், அந்தத் துல்லியம் இங்கே வராது, ஆனால் 10-ஆ 35-ஆ என்று தெரிய இது போதும்.

மணல் ஏமாற்றும். கடலோர மாதிரியில் மணல் இல்லாமல் இருக்காது. சாம்பலைத் தண்ணீரில் கலக்கித் தெளிய விடுங்கள், அடியில் நறநறவென்று மணல் தங்கினால் அதைக் காய வைத்து எடை போட்டுக் கழித்துவிடுங்கள்.

இந்த ஒரு எண் கிடைத்த பிறகுதான் ஆய்வகத்துக்கு அனுப்பலாமா என்றே யோசிக்க வேண்டும். புற்களுக்கு அனுப்பாவிட்டாலும் வண்டி ஓடும். சாம்பல் 20 தாண்டியவற்றுக்கு அனுப்புங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. அங்கே போக முடியாவிட்டால் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். அனுப்பும்போது சாம்பல், கச்சாப் புரதம், நார், கால்சியம், பாஸ்பரஸ் ஆகியவற்றோடு ஆக்சலேட், கந்தகம் இரண்டும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

5. ஆய்வுத் தாளை வாசிப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும்.

கச்சாப் புரதம் என்பதை யாரும் நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். உப்பு தாங்கும் செடிகள் உப்பைச் சமாளிக்கவே பீட்டேன் போன்ற நைட்ரஜன் கலந்த பொருள்களை இலையில் சேர்த்து வைக்கும், நைட்ரேட்டும் இருக்கும். எல்லாம் சேர்ந்து புரதம் என்ற பெயரில் தாளில் வந்துவிடும். உப்புப்புதரில் இப்படி வரும் புரதமல்லாத நைட்ரஜன் மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே இருக்கலாம். அது வீண் என்று சொல்லவில்லை. மாட்டின் பெருவயிற்று நுண்ணுயிர்கள் அதிலிருந்து புரதம் செய்துகொள்ளும், ஆனால் அதற்கு அதே வேளையில் மாவுச்சத்தோ சர்க்கரையோ கையில் வேண்டும். அது உமரியில் கிடையாது. அதனால்தான் அரைத்த சீமைக்கருவேலங்காயை நினைவில் வைக்கச் சொன்னேன். ஒரு கை கம்பு, மக்காச்சோள நொய், கொஞ்சம் வெல்லப்பாகு எதுவும் அதே வேலையைச் செய்யும். இல்லாவிட்டால் அந்த நைட்ரஜன் சிறுநீரில் போய்விடும், புண்ணாக்கு வாங்கும் செலவும் குறையாது.

இரண்டாவது பொறி செரிமான எண். தாளில் உலர் பொருள் செரிமானம் 65 சதவீதம் என்று இருந்தால் நல்ல தீவனம் மாதிரித் தெரியும். ஆனால் ஆய்வகக் குழாயில் உப்பு கரைந்துவிடும், கரைந்தது எல்லாம் செரித்ததாகக் கணக்கில் ஏறும். சாம்பல் 28 என்று வைத்துக்கொள்ளுங்கள், அது பெரும்பாலும் கரைகிற உப்புதான். 65-இல் 28 போனால் 37. நூறு கிராம் தின்றால் ஆட்டுக்கு உண்மையில் செரித்துப் பலம் தருவது 37 கிராம்தான், வைக்கோலின் தரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள். ஆகவே உலர் பொருளில் செரிக்கும் கரிமப் பொருள் (சாம்பல் போக மிச்சம்) எத்தனை சதவீதம் என்று எப்போதும் கேட்டு வாங்குங்கள், தராவிட்டால் இப்படிக் கழித்துக்கொள்ளுங்கள்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமைப் பகுதியில் உப்பேறிய நிலங்களில் உப்புப்புதரை ஏக்கர் கணக்கில் நட்டுச் செம்மறி மேய்க்கிறார்கள். அவர்களுக்கும் இதே பாடம்தான் கிடைத்தது. உப்புப்புதரை மட்டும் தின்ற ஆடு எடையைக் காப்பாற்றவே திணறும், கோதுமைத் தாளோடும் கொஞ்சம் தானியத்தோடும் சேர்த்தால் பயன்படும். அங்கே சிஎஸ்ஐஆர்ஓ என்ற அரசு ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அனமேக்கா என்ற ரகத்தைக்கூட ஆடு எதை விரும்பித் தின்கிறது, எது நன்றாகச் செரிக்கிறது என்று பார்த்துத்தான் பொறுக்கினார்கள், விளைச்சலை மட்டும் பார்த்து அல்ல. புதரின் பக்கம் ஒரு நல்ல விஷயமும் உண்டு: மற்ற மேய்ச்சல் எல்லாம் காய்ந்து கிடக்கும் கோடையில் பச்சையாக நிற்பதால் வைட்டமின் ஈ அதிகம். வறண்ட தாளை மட்டும் தின்னும் குட்டிகளுக்கு அந்த வைட்டமின் குறைந்து தசை நோய் வரும், அதை இது தடுக்கும்.

அடுத்து ஆக்சலேட். கரையும் ஆக்சலேட் உலர் பொருளில் 2 சதவீதத்தைத் தாண்டினால் பழகாத கால்நடைக்கு ஆபத்து. அது இரத்தத்திலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பசியோடு ஒரேயடியாகத் தின்ற ஆடு, ஈன்ற மாடு, பால் கறக்கும் மாடு ஆகியவைதான் முதலில் விழும். புல் என்றால் ஆக்சலேட் இல்லை என்றும் நினைக்காதீர்கள், கொழுக்கட்டைப்புல்லில்கூட உண்டு. ஆடு மாடு அதைச் சமாளித்துவிடும், குதிரை வைத்திருந்தால் அதற்கு மட்டும் அந்தப் புல்லை மட்டுமே போட்டு வளர்க்காதீர்கள்.

கந்தகம் 0.5 சதவீதத்தைத் தொட்டால் தாமிரம் உடம்பில் சரியாகச் சேராது. பிறக்கும் குட்டிகள் பின்னங்கால் தள்ளாடினால் அதைச் சந்தேகப்பட வேண்டும். அதற்காக நீங்களாகவே தாமிர மருந்து வாங்கி ஊற்றாதீர்கள், செம்மறிக்குத் தாமிரம் கொஞ்சம் கூடினாலே விஷம். மருத்துவரிடம் கேட்டுத்தான்.

6. ஒரு நாள் கணக்கு

30 கிலோ எடையுள்ள ஒரு ஆட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்குச் சுமார் 1 கிலோ உலர் பொருள் தின்னும். செம்மறிக்கு மொத்தத் தீவனத்தில் சமையல் உப்பு 4 சதவீதம் வரை தாங்கும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு, கறவை மாட்டுக்கு 3. நல்ல தண்ணீர் இருந்தால் வளர்ந்த செம்மறி அதைவிடக் கூடுதலாகவும் தாங்கும், ஆனால் தாண்டினால் தின்பதைக் குறைத்துக்கொள்ளும். நாம் 40 கிராம் என்றே வைப்போம், வெள்ளாட்டுக்கும் அதையே.

உங்கள் தண்ணீர் 2,000 பிபிஎம், ஆடு 6 லிட்டர் குடிக்கிறது. 12 கிராம் உப்பு அதிலேயே போய்விட்டது. மிச்சம் 28.

உமரியின் சாம்பல் 35 சதவீதம், அதில் முக்கால் பங்கு சமையல் உப்பு என்று வைத்தால் 26 சதவீதம். 28 கிராம் உப்புக்கு 108 கிராம் காய்ந்த உமரி. பச்சையாகச் சொன்னால் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவுதான்! மீதி 900 கிராமை அருகும் வைக்கோலும் கடலைக்கொடியும் நிரப்ப வேண்டும், கூடவே ஒரு கை மாவுச்சத்து.

இந்த அளவில் வைத்துப் பார்த்தால் உமரிக்கு என்ன இடம் என்று புரிந்துவிடும். ஊறுகாய் மாதிரி அது, தொட்டுக்கொள்ள. கோடையில் வறட்டு வைக்கோலோடு ஒரு பச்சை, கொஞ்சம் நைட்ரஜன், கொஞ்சம் வைட்டமின், அதற்கு அது நல்லதுதான்.

இதில் பலர் மறப்பது, கடையில் வாங்கும் அடர்தீவனத்திலும் தாது உப்புக் கலவையிலும் சமையல் உப்பு ஏற்கெனவே கலந்திருக்கும் என்பதை. பட்டியில் பழக்கத்துக்கு ஒரு உப்புக்கட்டியும் தொங்கும். அதைக் கழற்றுங்கள். சமையல் உப்புச் சேராத தாதுக் கலவையாகக் கேட்டு வாங்குங்கள், அதில் கால்சியமும் பாஸ்பரஸும் இருக்க வேண்டும். டை கால்சியம் பாஸ்பேட் கலந்தது என்றால் இரண்டும் வந்துவிடும், ஆக்சலேட் பிடித்துக்கொள்ளும் கால்சியத்தை ஈடுகட்ட அதுதான் வழி.

7. பழக்குவது

வைக்கோல் போட்டு அரை வயிறு நிரப்பிய பிறகுதான் உப்புச் செடிப் பக்கம் ஓட்ட வேண்டும். பசியோடு விட்டால் அரை மணி நேரத்தில் ஒரு நாள் உப்பைத் தின்றுவிடும். முதல் வாரம் காலையில் அரை மணி, அடுத்த வாரம் ஒரு மணி, இப்படி இரண்டு மூன்று வாரத்தில் கணக்குப் போட்ட அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஆக்சலேட்டை உடைக்கும் நுண்ணுயிர்கள் பெருவயிற்றில் பெருக அந்த அவகாசம் வேண்டும். நடுவில் ஒரு மாதம் வேறு இடத்தில் மேய்த்துவிட்டுத் திரும்பினால் மறுபடி முதலிலிருந்து.

சந்தையில் வாங்கி வந்த அன்றே மேய விடுவதுதான் நான் பார்த்ததிலேயே மோசமான தவறு. வழியெல்லாம் பசியும் தாகமுமாக வந்த ஆடு, உள்ளூர்ச் செடி எதுவும் தெரியாது, முதலில் பச்சையாகத் தெரிவதை வாரித் தின்னும். உப்புச் செடி மேயும் தாயின் குட்டிகள் அதே மேய்ச்சலுக்கு எளிதாகப் பழகிவிடும், ஆகவே வாங்குவதாக இருந்தால் கடலோர மந்தையில் வாங்குங்கள்.

சினையின் கடைசி மாதத்தில் உள்ளவை, ஈன்றவை, பால்குடி மறக்காத குட்டிகள் மூன்றையும் முதல் கூட்டச் செடிகளிலிருந்து தள்ளியே வையுங்கள். அவற்றுக்கு அருகும் அகத்தியும் போதும்.

தண்ணீர்த் தொட்டி மேய்ச்சல் இடத்திலேயே இருக்க வேண்டும். பட்டிக்குத் திரும்பிய பிறகு குடித்துக்கொள்ளட்டும் என்பது இந்தச் செடிகளுக்குச் சரிவராது.

8. எதைப் பார்த்து நிறுத்துவது

சாணம் கொஞ்சம் இளகுவது முதல் வாரத்தில் சகஜம். அது தண்ணீராகப் போனால் அளவைப் பாதியாக்குங்கள். மாதம் ஒரு முறை நாலைந்து ஆடுகளை அடையாளம் வைத்து எடை போடுங்கள், அதுவும் காலையில் தண்ணீர் காட்டும் முன்பே. உப்புத் தின்ற ஆடு குடித்துக் குடித்து வயிறு உப்பி எடை ஏறினதுபோலக் காட்டும்.

உடம்பு நடுங்குவது, தள்ளாடி விழுவது, எழ முடியாமல் படுத்துவிடுவது கால்சியம் இறங்கியதைக் காட்டும். கண் தெரியாததுபோல முட்டிக்கொள்வதும் இழுப்பும் உப்பு ஏறியதைக் காட்டும். இரண்டுக்குமே உடனே மருத்துவர் வேண்டும். உப்பு ஏறி ரொம்ப நேரம் தண்ணீர் இல்லாமல் கிடந்த ஆட்டுக்குத் தொட்டியைத் திறந்துவிடாதீர்கள். திடீரென்று நிறையக் குடித்தால் மூளை வீங்கி அப்போதே செத்துப்போகும். கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டுக் காட்டுங்கள்.

எல்லாம் சரியாகப் போனாலும் இந்தக் கணக்கு ஆண்டு முழுதுக்கும் ஒன்றல்ல. வடகிழக்குப் பருவமழை மண்ணின் உப்பைக் கழுவிய பிறகு வரும் தளிரில் உப்பு குறைவு, மழை முடிந்த கையோடு அளவைச் சற்றுக் கூட்டலாம். ஏப்ரலுக்கு மேல் அதே செடி கரிக்கும். மழை முடிந்ததும் ஒரு முறை, கோடை தொடங்கும்போது ஒரு முறை, 1, 3, 4, 6 ஆகிய படிகளைத் திரும்பப் போட்டுப் புது அளவை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.